பாட்டியின் பையில் இருந்த பொட்டலம்

சிங்கப்பூர்

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லோரும் நலம். உன் சின்னவன் கணக்கில் நூற்றுக்கு நூறு என்று அக்கா சொன்னாள். அந்த விஷயத்தில் அவன் உன்னைக் கொண்டு பிறக்கவில்லை, நல்லவேளை. ஆறுமுகம் சார் கேட்டால் மிகவும் சந்தோஷப்படுவார்.

உன் நீண்ட கடிதத்துக்கு ஆற அமரப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். போன வாரம் நடந்ததைப் பார்த்தபின் தள்ளிப்போட மனம் வரவில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு சீனப் பாட்டி, இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வடிய எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டியது, ஏழைத் தாண்டியிருந்தது. மாத்திரைக் கணக்கில் பிசகில்லை. கைப்பையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நீல நிற வார்ஃபரின் மாத்திரைகளுக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், செங்கல் நிறத் தோலோடு சாய்வாகச் சீவிய வேர்த் துண்டுகள். டான்ஷென் என்ற சீன மூலிகை! ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று மகள் வாங்கிவந்து சூப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் தடைப்படும் என்று ஹாங்காங் மருத்துவர்கள் 1990களிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “அவர் கேட்கவில்லை. சொன்னால் திட்டுவார்” என்றார். பாட்டி தேறி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

‘சீனர்கள் தங்கள் வைத்தியத்தை உலகமெங்கும் கொண்டுபோய்விட்டார்கள், சித்த மருத்துவர்கள் நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம்’ என்று பொரிந்து தள்ளியிருந்தாய். பாதியை ஒப்புக்கொள்கிறேன். சீன விஞ்ஞானி டு யூயூவை நீ கொண்டாடுவது முழுக்க நியாயம். நான்காம் நூற்றாண்டில் சீன வைத்தியர் கே ஹோங் எழுதிய கைநூலில், காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருக்கிறது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லையே என்று அந்த அம்மையாருக்குப் பொறி தட்டியது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று கருதி, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு 1971இல் சாற்றை எடுத்தார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தானும் சக ஆய்வாளர்களும் குடித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்த ஆர்ட்டெமிசினின் மலேரியாவிலிருந்து காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. 2015இல் நோபல் பரிசு வந்தது. பழைய ஏட்டை இவ்வளவு மரியாதையோடு வாசித்தவர்கள் குறைவு.

ஆனால் சீன வைத்தியர்களிலேயே பலர், ஒற்றை மூலக்கூறாகப் பிரித்தெடுத்தபின் அது எங்கள் வைத்தியமே இல்லை என்கிறார்கள். அவர்கள் வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஒரே தலைவலிக்கு நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து ஆளுக்கொரு கஷாயம் கொடுக்கிற முறையை, எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுத்துச் சோதிக்கிற முறைக்குள் எப்படி அடக்குவது? ஒப்பிட்டுப் பார்க்க, அதே கசப்பும் வாசனையும் உள்ள, மருந்தில்லாத போலிக் கஷாயத்துக்கு எங்கே போவது? முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதே. அட்டையும் தேளும் பூரானும் சேர்ந்த டோங்ஷின்லுவோ என்ற மாத்திரையை மாரடைப்பு வந்த 3,777 பேரிடம் முறைப்படி சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். முப்பது நாளில் பெரிய பாதிப்புகள் போலி மருந்துக் குழுவில் 5.2 சதவீதம், இந்தக் குழுவில் 3.4 சதவீதம். மற்றவர்களும் செய்து பார்த்து உறுதி செய்யட்டும். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது ஒன்று உண்டு. 2018இல் நூறு பழைய மருந்துக் கலவைகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மனிதர்களிடம் சோதனை வேண்டாம் என்று சீன அரசு சலுகை கொடுத்தது. நூற்றாண்டுகளாக மக்கள் சாப்பிட்டதே போதுமான சான்றாம். குமரேசா, இதை நீயும் சொல்கிறாய், அதனால்தான் விடாமல் எழுதுகிறேன். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. ஒருவர் இருவர் அல்ல, நூறு பேருக்கு மேல். ஃபாங்ஜி என்ற பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கப்பட்டுவந்தன. வரவேண்டிய வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்து வேர் வந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அரிப்பதோடு, பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவருகிறது. சீனாவிலேயே லோங்டான் ஷியேகான் மாத்திரையில் இதே இனத்துச் செடி சேர்ந்துவந்தது. 2003இல்தான் அதை நீக்கினார்கள்.

எத்தனை தலைமுறை அனுபவம்! அவர்கள் கண்ணில் ஏன் படவில்லை? தின்றவுடன் வாந்தி எடுக்கவைக்கும் செடியை அனுபவம் உடனே அடையாளம் காட்டிவிடும். பல வருடம் கழித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் செடியை அது காட்டாது. மருந்து கொடுத்த வைத்தியர் ஒருவர், டயாலிசிஸ் செய்கிற டாக்டர் இன்னொருவர், இடையில் பத்து வருடம். யார் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது? பாட்டிக்கு நடந்ததும் அதுதான்; அவருக்கு உடனே ரத்தம் வந்ததால் தப்பித்தார். ஒரே வளாகத்தில் சீன வைத்தியத்துக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் இரண்டு கட்டடம் கட்டிவிட்டால் போதாது. நோயாளி என்னென்ன சாப்பிடுகிறார் என்பது ஒரே ஏட்டில் இருக்க வேண்டும், இரண்டு பக்கத்து வைத்தியர்களும் அதைப் படிக்க வேண்டும்.

நம் ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அதே அரிஸ்டோலோகியா இனம். உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன் மருந்தகத்தில் இவற்றை இன்னும் உள்ளுக்குக் கொடுக்கிறீர்களா? யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அந்த நோயாளிகளைத் தேடிப்பிடித்து சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ஒரு கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையாவது செய்யச் சொல். செலவு பெரிதாக வராது. உன் மேலதிகாரி முறைத்தால் முறைக்கட்டும், செல்வி இருக்கிறாள், பேசி வழிக்குக் கொண்டுவருவாள்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் அந்தப் பழைய பதிவேடுகளை எடுத்து வை. இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சங்கரன்