சிவப்புப் பக்கம் மேலே

அன்புள்ள கண்ணம்மா,

உன் செய்தி வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு வரி. நடுவில் நின்று கைப்பிடியால் ஓட்ட, இரண்டு கம்பியில் வட்டமாகச் சுற்றுகிற சின்ன விமானம் எப்படிச் செய்வது, குட்டி கேட்கிறான். சரி, அதையாவது கேட்டாயே. அம்மா அந்த ஒரு வரியை நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று அவளே வாங்கியும் பார்த்தாள்.

முதல் விமானம் அழகாக இருக்க வேண்டாம், விழுந்தால் எழுந்திருக்க வேண்டும். லேசான பால்சா மரத்தில் இறங்காதே. பழகுகிற பிள்ளை கையில் அது ஒரு நாள்கூடத் தாங்காது. விளம்பரப் பலகைக்கு எடுப்பார்களே, உள்ளே குழல் குழலாக ஓடுகிற பிளாஸ்டிக் அட்டை, அது போதும். யாராவது கழற்றிப் போட்ட பழைய பலகையாக இருந்தாலும் சரி. 4 மில்லிமீட்டர் கனம், இறக்கை 90 சென்டிமீட்டர் நீளம், 22 அகலம். குழல்கள் இறக்கையின் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடங்கிவிடும். முன்விளிம்பு வரும் இடத்தில் ஒரு பக்கத் தோலை மட்டும் கத்தியால் கீறி மடி, நடுவில் ரேகை நேராக ஓடுகிற மரச்சட்டம் ஒன்று வை. இந்தப் பிளாஸ்டிக்கில் பசை சரியாகப் பிடிக்காது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டு, அங்கங்கே கேபிள் டையும் போட்டு இறுக்கு.

உடலுக்கு ஒரு தட்டைப் பலகை. அதன்மேல் சின்ன மேடை வைத்து, இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டு. ஒட்டாதே. தரையில் மோதினால் இறக்கை கழன்று போகும், உடையாது. இரண்டு கம்பியும் வந்து மாட்டுகிற, அச்சில் ஆடுகிற தகடுதான் பெல்கிராங்க். அதை மேடையில் நட்டு போல்ட்டால் பொருத்து, ஏனென்றால் இழுவை முழுவதும் அதில்தான் வந்து விழும். அதன் அசைவை வாலுக்குக் கொண்டுபோகிற புஷ் ராடுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மூங்கில் குச்சியின் இரண்டு முனையிலும் சைக்கிள் ஸ்போக்குத் துண்டை வைத்து, நூல் சுற்றிப் பசை தடவினால் வளையாத ராடு கிடைக்கும். வாலில் அசைந்து விமானத்தை ஏற்றி இறக்குகிற மடல், அந்த எலிவேட்டர், மேலும் கீழும் 15 டிகிரிக்கு மேல் அசையக் கூடாது. முதல் முறை பிடிக்கிற பிள்ளை கையை அதிகமாகத்தான் ஆட்டும்.

மூக்குப் பக்கம் கனமாக இருக்கட்டும். முன்விளிம்பிலிருந்து நாலு, நாலரை சென்டிமீட்டரில் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் யாராலும் ஓட்ட முடியாது. வட்டத்துக்கு வெளிப்பக்க இறக்கை நுனியில் 15 கிராம் ஈயம், வாலில் செங்குத்தாக நிற்கிற ரடரைக் கொஞ்சம் வெளியே திருப்பி வை, எஞ்சினையும் வாஷர் கொடுத்து இரண்டு டிகிரி வெளியே பார்க்க வை. எல்லாம் கம்பி தொய்யாமல் இருப்பதற்குத்தான். கம்பி தொய்ந்தால் கையில் பிடித்திருப்பது வெறும் கைப்பிடி.

நம் 2.5 சிசி எஞ்சினைச் சுத்தம் செய்து அனுப்புகிறேன். பழைய எஞ்சின், எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் நைலானில் வாங்கு. கம்பி 16 மீட்டர். ஒரு சுற்றுக்கு நாலைந்து விநாடிதான் ஆகும், தலை சுற்றும். விமானத்தையே பார்க்கச் சொல், பின்னால் ஓடுகிற மரத்தையும் சுவரையும் பார்க்கக் கூடாது. மின்கம்பி பக்கத்தில் எங்கும் வேண்டாம், கையில் இருப்பது இரும்புக் கம்பி. பறக்கவிடும் முன் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, கைப்பிடியை அதன் எடையைப் போல் பத்து மடங்கு இழுத்துப் பார். மணிக்கட்டில் பாதுகாப்பு வார் மாட்டு. அப்புறம் ஒவ்வொரு தடவையும், எஞ்சினைக் கிளப்பும் முன்பே, கையை மேலே சாய்த்தால் எலிவேட்டர் மேலே போகிறதா என்று பார். ஒவ்வொரு தடவையும்.

குட்டி இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்பான். 1940-இல் ஜிம் வாக்கர் என்ற அமெரிக்கர் ‘ஃபயர்பால்’ என்ற விமானத்தோடு இந்த முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்று சொல். இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தலையில் கட்டி ஒன்று, ஆக மூன்று விமானங்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டியவர் அவர்.

விமானத்தைப் பிடித்து விட ஓர் ஆள் வேண்டும், மறந்துவிடாதே. மாப்பிள்ளை நிற்பார் என்று நினைக்கிறேன். ஆள் இல்லாதவர்கள் தரையில் முளையடித்து, வாலைக் கொக்கியில் மாட்டி, நூலை இழுத்து விடுவித்துக்கொள்வார்கள். உனக்கு அது எதற்கு? நீ எல்லாவற்றையும் தனியாகச் செய்து பழகியவள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாங்கள் இரண்டு பேர் இங்கே இருக்கிறோம். அதை விடு. கையைச் சாய்த்து எலிவேட்டரைப் பார், அதைத்தான் திரும்பச் சொல்கிறேன்.

ஏன் இதையே சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு நான்தான் பிடித்து விட்டேன். பாதிச் சுற்று நன்றாகப் போனது. மூக்கு லேசாகத் தாழ்ந்தது, நீ கையை மேலே சாய்த்தாய், அது இன்னும் தாழ்ந்தது, நீ இன்னும் சாய்த்தாய். விமானம் தரையில் மோதி உடைந்தது. அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேன். கையை நேராக வைத்திருக்கக்கூடத் தெரியவில்லை என்றேன். நீ ஒன்றும் பேசாமல் கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

அன்று இரவு உடைந்த இறக்கையிலிருந்து கம்பியைக் கழற்றும்போது பார்த்தேன். இரண்டு கம்பிகளின் கொக்கிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டியிருந்தேன். மேலே போகச் சொன்னால் கீழே போகிற மாதிரி. நீ செய்தது சரி கண்ணம்மா. கடைசி நொடி வரை சரியாகத்தான் செய்தாய். மாட்டியவன் நான், அவசரத்தில் சரிபார்க்காதவனும் நான். காலையில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீ தலை நிமிராமல் பள்ளிக்கூடம் கிளம்பினாய், நானும் சும்மா இருந்துவிட்டேன். அப்படியே எத்தனை வருஷம் ஓடிவிட்டது.

எஞ்சினோடு அந்தப் பழைய கைப்பிடியையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் சிவப்பு பெயிண்ட் இருக்கும், அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். அதே சிவப்பை ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் பார்ப்பாய். அன்று இரவே அடித்தது.

யார் பிடித்து விடுவார்கள் என்று மட்டும் எழுது. யாரும் இல்லையென்றால் நான் வருகிறேன்.

அப்பா