கட்டாய ராஜினாமாவும் ஈ.எஸ்.ஐ. நிவாரணமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்பீடு பெற்று வேலையிழந்த தொழிலாளர்களுக்காக ஈ.எஸ்.ஐ. கழகம் (தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம்) நடத்திவரும் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ திட்டத்தில், உரிய தொழிலாளர்கள் பலர் பயன்பெற முடியாமல் போவது குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தின்கீழ், தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதமாக இருந்த நிவாரணம் 2020இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வாழ்நாளில் ஒருமுறை, 90 நாட்கள் வரை பெறலாம். மாதம் 15,000 ரூபாய் வாங்கியவருக்கு மொத்தமாக ஏறத்தாழ 22,000 ரூபாய் கிடைக்கும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் வேளையில் இது பெரிய கைகொடுப்பு. ஆனால் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், பணி ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் சென்றவர் ஆகியோருக்கு இது கிடையாது. இந்தக் கடைசி விலக்கில்தான் சிக்கல்: தாமாக ராஜினாமா செய்ததாகக் காட்டப்படுபவரும் இதில் சேர்க்கப்பட்டுவிடலாம்.

கடலூர் சிப்காட் பகுதியிலும் புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் ஒப்பந்தக்காரர்களின்கீழ் வேலை செய்வோர் ஏராளம். எனக்குத் தெரிந்த ஒரு தொழிலாளியிடம், நிலுவைச் சம்பளத்தைக் கணக்கு முடித்துத் தரும் நாளில், ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று முன்பே தட்டச்சு செய்து, பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம்விட்ட தாளை நீட்டினார்கள். கையெழுத்திட்டால்தான் பணம் என்றால், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடுபவர் என்ன செய்வார்? நிறுவனம் இணையதளத்தில் பதியும் மாதச் சந்தா விவரத்தில் ‘ஆட்குறைப்பு’ என்றும் ‘வேலையை விட்டு விலகினார்’ என்றும் தனித்தனிக் காரணங்கள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது முதலாளியின் கையில். ஆட்குறைப்பு என்று பதிந்தால் இழப்பீடு தர வேண்டிவரும் என்பதை அவர்கள் நன்கறிவார்கள்.

உண்மையிலேயே தாமாக விலகியவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று. மேற்பார்வையாளரின் பாலியல் தொல்லை பொறுக்காமல் வெளியேறிய பெண்ணையும், இரசாயனப் பிரிவில் தோல் வெந்து இனி முடியாது என்று நின்றவரையும், நல்ல வேலை கிடைத்துச் சென்றவரோடு எப்படிச் சேர்க்க முடியும்? கனடாவின் வேலைக் காப்பீட்டுச் சட்டம், தானாக விலகியவருக்குப் பொதுவாக உதவித்தொகையை மறுத்தாலும், பாலியல் தொல்லை, உடல்நலத்துக்கு ஆபத்தான பணிச்சூழல் போன்றவற்றை நியாயமான காரணங்களாக ஏற்கிறது. விலகுவதைத் தவிர வேறு வழி இருந்ததா என்றும் பார்க்கிறது. நமது திட்டத்திலும் இத்தகைய பிரிவு சேர்க்கப்பட வேண்டும்.

அதுவரை, விலகல் பதிவு இறுதியாவதற்கு முன்பு தொழிலாளியின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பி, மறுப்புத் தெரிவிக்க அவகாசம் தரும்படி ஈ.எஸ்.ஐ. கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு வந்தால், கிளை அலுவலகம் கடிதத்தை மட்டும் பார்க்காமல், வருகைப் பதிவேடு, மருத்துவச் சீட்டு, உடன் வேலை செய்தோரின் வாக்குமூலம் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். மாதந்தோறும் ஊதியத்தில் 0.75 சதவீதத்தைத் தன் பங்காகச் செலுத்திவரும் தொழிலாளிக்கு, தன் கணக்கில் என்ன எழுதப்படுகிறது என்று அறியும் உரிமையாவது இருக்க வேண்டாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.