நான்கு டிஸ்க் வேண்டாம், மூன்று போதும்: மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மன்றத்தின் பழைய கேசட்டுகளையும் போட்டோக்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க நாஸ் பெட்டி (சில டிஸ்க்குகளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை எடுக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்குவது என்று போன கூட்டத்தில் முடிவானது. பெட்டியைப் பொருளாளர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். நல்ல விஷயம். அப்புறம் எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்றின் கொட்டேஷனைச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நான்கு டிஸ்க் போடும் பெட்டி, அதற்குள் 4 டெராபைட் டெஸ்க்டாப் டிஸ்க் நான்கு, ரெய்டு 5 முறையில் (ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றை வைத்து மீட்கும்படி எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதும் முறை) 12 டெராபைட் இடம். அதன் கீழே நடந்த விவாதம் முழுக்க எந்த பிராண்ட் நல்லது என்பதுதான். ஒருவர் சீகேட் பக்கமே போகாதீர்கள் என்கிறார், இன்னொருவர் டபிள்யூடியை, அதாவது வெஸ்டர்ன் டிஜிட்டலை, திட்டுகிறார். கொட்டேஷனில் இருக்கும் உண்மையான கோளாறை யாரும் தொடவில்லை. குழுவில் எழுதினால் பொங்கல் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

பிராண்ட் சண்டையை முதலில் முடித்துவிடுவோம். உலகத்தில் இன்று ஹார்ட் டிஸ்க் செய்வது மூன்றே கம்பெனிகள். சாம்சங்கின் டிஸ்க் தொழிலை 2011இல் சீகேட் வாங்கியது, ஹிட்டாச்சியுடையதை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது, மூன்றாவது தோஷிபா. மூன்றிலும் நல்ல மாடல் உண்டு, சொதப்பிய மாடலும் உண்டு. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க கம்பெனி, தன் டேட்டா சென்டர்களில் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எது எப்போது செத்தது என்ற கணக்கை 2013இலிருந்து பொதுவில் வைத்து வருகிறது. அதில் மொத்தச் சராசரி 2023இல் ஆண்டுக்கு 1.70 சதவீதம், 2024இல் 1.57 சதவீதம். சீகேட்டின் பழைய 3 டெராபைட் மாடல் ஒன்று அந்தக் கணக்கில் மிக மோசமாகப் போய், 2016இல் அமெரிக்காவில் வழக்கு வரை வந்தது. அதே சீகேட்டின் வேறு மாடல்கள் ஆண்டுக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடின. ஒரு மாடலின் குணம் நான்கைந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அது கடையில் கிடைக்காது. ஆகவே பிராண்டை வைத்துச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? முதலில் எண்ணிக்கை. ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் போவதற்கு 1.5 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நான்கு டிஸ்க் ஐந்து வருடம் ஓடினால், அதில் ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். இரண்டே டிஸ்க் என்றால் 14 சதவீதம். பெட்டிக்குள் டிஸ்க் கூடக் கூட, பொருளாளர் வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி பீப் அடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அவசியம் இருந்தால் நான்கு போடலாம். நமக்கு அவசியம் இருக்கிறதா?

வீடியோ கேமராவின் மினிடிவி கேசட் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. நம்மிடம் நூற்றைம்பது கேசட் இருந்தாலும் 2 டெராபைட்டுக்குள் அடங்கும். பழைய விஎச்எஸ் பட்டிமன்றங்கள், ஆண்டு விழா போட்டோக்கள், பிள்ளைகளின் கும்மி வீடியோ எல்லாம் சேர்த்தாலும் இன்றைய தேதிக்கு 4 டெராபைட்டைத் தாண்டாது. வருடா வருடம் சேர்வதற்கும் இடம் விட்டு 8 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் பதியும்படி மிர்ரர் வைத்தால் தாராளம். திரையில் 7.27 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, கம்ப்யூட்டர் 1,024ஆல் வகுக்கிறது.

அடுத்தது, இந்தக் கொட்டேஷனை நான் எதிர்ப்பதற்கான முக்கியக் காரணம். அதில் இருக்கும் சீகேட் பாராகூடா 4 டெராபைட் டிஸ்க், எஸ்எம்ஆர் வகை. சாதாரண சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எஸ்எம்ஆரில் கூரை ஓடு போல ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதே தகட்டில் அதிக இடம் கிடைக்கிறது, விலையும் குறைகிறது. ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருக்கும் அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். கொஞ்சமாக எழுதினால் இது தெரியாது. டிஸ்க் தனக்குள் ஒரு சிறு பகுதியில் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் நிதானமாக இடம் மாற்றும். பல மணி நேரம் விடாமல் எழுதும்போது அந்தப் பகுதி நிரம்பிவிடும், அப்புறம் வேகம் படுத்துவிடும்.

நாஸில் அப்படி விடாமல் எழுதும் நேரம் எது தெரியுமா? ஒரு டிஸ்க் செத்து, புதிது போட்டு, மற்ற டிஸ்க்குகளிலிருந்து எல்லாவற்றையும் அதில் திரும்பக் கட்டும் நேரம். மீதியிருக்கும் டிஸ்க்குகளும் அப்போதுதான் முழு மூச்சில் ஓடும். ரெய்டு 5இல் அந்தச் சமயத்தில் இன்னொன்று போனால் மொத்தமும் போச்சு. 2020இல் வெளியான ஒரு சோதனையில், சிஎம்ஆர் டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு அதே அளவு எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அத்தனை நாளும் பாதுகாப்பு இல்லாமல் ஓட வேண்டும்.

அந்தச் சோதனை வந்ததற்கே ஒரு கதை உண்டு. நாஸுக்கென்றே விற்கப்பட்ட டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. வாங்கியவர்களுக்குக் கம்பெனி அதுவரை சொல்லவில்லை. கூச்சல் கிளம்பிய பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெட்டியில் வெறும் ரெட் என்று இருந்தால் யோசிக்க வேண்டும், பிளஸ் அல்லது புரோ என்று இருந்தால் வாங்கலாம். சீகேட்டில் ஐயன்வுல்ஃப், தோஷிபாவில் என்300 இரண்டும் சிஎம்ஆர். கடையில் கேட்டால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார்கள். மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு கம்பெனியின் சொந்த அட்டவணையில் பார்ப்பதுதான் வழி.

நாஸ் டிஸ்க் வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிக்க முடியாத ஒரு இடம் வந்தால் டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில்கூட விடாமல் முயன்றுகொண்டிருக்கும். தனி ஆளாக இருக்கும்போது அது சரிதான். ரெய்டில் பெட்டி பொறுமை இழந்து, நல்ல டிஸ்க்கையே செத்ததாக நினைத்து வெளியே தள்ளிவிடும். நாஸ் டிஸ்க் ஏறக்குறைய ஏழு விநாடியில் விட்டுக்கொடுத்து, “பக்கத்து டிஸ்க்கில் வாங்கிக்கொள்” என்று சொல்லிவிடும். ஐயன்வுல்ஃப், ரெட் பிளஸ், என்300 மூன்றுக்கும் மூன்று வருட வாரண்டி. புரோ வகைக்கு ஐந்து. நம்முடைய உபயோகத்துக்குப் புரோ தேவையில்லை. சத்தமும் அதிகம், பொருளாளர் வீட்டார் திட்டுவார்கள்.

அப்புறம் பில். இதில் கறாராக இருங்கள். பில்லில் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரும் வர வேண்டும். அந்த நம்பரைக் கடையிலேயே நின்று, கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டுக்கு அனுப்பிய சரக்கு, கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுத்த சரக்கு இவையெல்லாம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இங்கே வாரண்டி கிடைக்காது. “கடை வாரண்டி ஒரு வருஷம் நாங்க தர்றோம்” என்றால் வேண்டாம் என்று வந்துவிடலாம். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல், முடிந்தால் இரண்டு கடையில் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரே வரிசையில் செய்த சரக்கில் ஒரு குறை இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்தச் சீரியல் நம்பர் விஷயத்தை என் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு பெரிய குட்டு உடைந்தது. டேட்டா சென்டர்களுக்கான சீகேட் டிஸ்க்குகள், பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை, ஓடிய கணக்கைப் பூஜ்யமாக்கி, புதிது என்று விற்கப்பட்டிருந்தன. சியா என்ற கிரிப்டோ காசுக்காக ஓட்டிய பண்ணைகளிலிருந்து வந்த சரக்கு என்று சந்தேகம். டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே குறித்துவைக்கும் சாதாரண ஸ்மார்ட் அளவில் புதிது போலவே காட்டும். டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவு இருக்கிறது, அதில் உண்மை வெளிவந்தது. ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். சீகேட் வாங்கினால் அதை நானே படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

டிஸ்க் வந்ததும் கேசட்டுகளை ஏற்ற ஆரம்பிக்கக் கூடாது. முதலில் ஸ்மார்ட் நீள்சோதனை ஓட வேண்டும். 8 டெராபைட்டுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். சோதனையில் ஒரு பிழை வந்தாலும் உடனே கடைக்குத் திருப்பிவிட வேண்டும். கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பம் தவிர்த்த எந்த அளவிலும் ஒரு அறிகுறியும் காட்டாமலே செத்தன. ஆகவே பெட்டி பச்சை விளக்கு காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வெப்பத்தைப் பற்றிக் குழுவில் ரொம்பக் கவலைப்பட்டார்கள். அதே ஆய்வில், நாம் நினைக்கும் அளவுக்கு வெப்பத்துக்கும் சாவுக்கும் தொடர்பு இல்லை என்றுதான் வந்தது. பெங்களூர் சீதோஷ்ணத்தில் அலமாரிக்குள் பூட்டி வைக்காமல், காற்று போகும் இடத்தில் வைத்தால் போதும். ஏசி ரூம் பேச்சே வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். மழை வந்தால் பெஸ்காம் கரண்ட் எப்படிப் போய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். யுஎஸ்பி வயர் வழியாகப் பெட்டிக்குச் செய்தி சொல்லி, தானே ஒழுங்காக அணையவைக்கும் யுபிஎஸ்ஸாக இருக்க வேண்டும்.

இனி மூன்றாவது டிஸ்க். கொட்டேஷனில் இல்லாததும் இதுதான், நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதும் இதுதான். மிர்ரர் வைத்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி ஓடும், அவ்வளவுதான். யாராவது ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். திருட்டு, தீ, மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி எதற்கும் மிர்ரர் உதவாது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ்கள் உலகம் முழுக்க வீடுகளில் இருந்த கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டன. 2021 ஜூனில் டபிள்யூடியின் மைபுக் லைவ் பெட்டிகள் இணையம் வழியாகவே மொத்தமாக அழிக்கப்பட்டன. இவை எதிலும் டிஸ்க் கெடவில்லை. டிஸ்க் நன்றாக இருந்தது, உள்ளே இருந்தது போனது. பெட்டியை வெளியிலிருந்து திறக்கும்படி ரவுட்டரில் வழி விட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். துபாயில் இருக்கும் நம் பழைய உறுப்பினர்கள் வீடியோ பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஏற்றி அனுப்பிக்கொள்ளலாம்.

மூன்றாவது டிஸ்க் சாதாரண யுஎஸ்பி வெளி டிஸ்க்காக இருக்கட்டும், 8 டெராபைட். அது எஸ்எம்ஆராக இருந்தாலும் பரவாயில்லை. மாதம் ஒரு முறை புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எழுதிக் கழற்றி வைப்பதற்கு அது போதும். மற்ற நாட்களில் அது பெட்டி இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது.

செலவு கூடும் என்பதை மறைக்கவில்லை. 8 டெராபைட் நாஸ் டிஸ்க் இரண்டும் யுபிஎஸ்ஸும் வெளி டிஸ்க்கும் சேர்ந்தால் இந்தக் கொட்டேஷனைத் தாண்டும். நான்கு டிஸ்க் பெட்டிக்குப் பதில் இரண்டு டிஸ்க் பெட்டி எடுப்பதில் கொஞ்சம் மிச்சமாகும். மீதியை ஆண்டு விழா மேடை அலங்காரத்தில் குறைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கலைக் குழுவினர் கோபிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கொட்டேஷனை இப்படித் திருத்தி வாங்கத் தீர்மானம் போடுங்கள். கடைக்கு நானும் வருகிறேன். மூன்றாவது டிஸ்க் அல்சூரில் தலைவர் வீட்டிலா, ஃபிரேசர் டவுனில் செயலாளர் வீட்டிலா என்பதையும் அன்றே முடிவு செய்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மன்ற உறுப்பினர் ஒருவர்
பெங்களூர்