கைமான்னு சொல்லி காப்பாத்துன ஏதென்ஸ் பாட்டிக்கு

ஏதென்ஸ்ல மொனாஸ்டிராக்கி பக்கம் ஒரு சின்ன டவெர்னா (கிரேக்க சாப்பாட்டுக் கடை), மெனு முழுக்க கையால எழுதுன கிரேக்கம், போன்ல சார்ஜ் இல்ல, அம்மாவோ சுத்த சைவம். குடமிளகாய்ல சோறு அடைச்ச யெமிஸ்தாவ காட்டி ஆர்டர் பண்ணப் போனேன். பக்கத்து டேபிள்ல இருந்த நீங்க, கேக்காமலே எழுந்து வந்து "கிமாஸ், கிமாஸ்"னு கைய ஆட்டுனீங்க. அட, நம்ம கைமா!

டேபிள்ல விரிச்சிருந்த பேப்பர்லயே ஒரு மாடு வரைஞ்சு குறுக்க கோடு போட்டு அடிச்சுட்டு, பக்கத்துல 'ஓர்ஃபனா'ன்னு எழுதுனீங்க. அப்படின்னா 'அனாதை'யாம், அதாவது கறி போடாதது, வெயிட்டர்தான் சொன்னாரு (என்ன பேரு பாருங்க). கூடவே ஃபாவா, அது கெட்டியா கடைஞ்ச பருப்பேதான், அப்புறம் ஹோர்தான்னு எலுமிச்ச பிழிஞ்ச கீரை. அம்மா தட்ட வழிச்சு சாப்ட்டாங்க.

நாங்க நிமிர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க பாட்டி. அந்த மாட்ட கிழிச்சு எடுத்துட்டு வந்துட்டோம், இப்ப எங்க ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு. எஃப்ஹாரிஸ்தோ, நன்றி பாட்டி!