போர்ஃபிரியன் குமாஸ்தாவும் இரண்டு சகோதரிகளும்

அன்பு மகளுக்கு,

‘ஹவர்ட்ஸ் எண்ட்’ படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய நீண்ட மின்னஞ்சலை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஹென்றி வில்காக்ஸின் மேல் உனக்கு வந்திருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் கதையில் நேரும் கேடு முழுவதையும் அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ஷ்லெகல் சகோதரிகளான மார்கரெட்டையும் ஹெலனையும் நல்லவர்கள் என்று நீ தனியே எடுத்து வைத்துவிட்டதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தீ காப்பீட்டுப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கதையில் வரும் காப்பீட்டுக் குமாஸ்தா லியோனார்ட் பாஸ்ட் எனக்குச் சக ஊழியன். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கதை எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குடையிலிருந்து தொடங்குகிறேன். பேத்தோவன் இசையைப் பற்றிய சொற்பொழிவிலிருந்து பாதியில் எழுந்து போகும் ஹெலன், பக்கத்தில் இருந்த லியோனார்டின் குடையைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அவனோ கொட்டும் மழையில் நனைந்துகொண்டே அவள் வீடு வரை பின்தொடர்கிறான். வீட்டில் இருக்கும் குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தையல் விட்டுப்போன ஒன்றைக் கண்டதும் ‘இது என்ன இவ்வளவு மோசமான குடை’ என்ற பொருளில் அவள் சொல்லிவிடுகிறாள், அதுதான் அவனுடையது. அவளிடம் துளிகூடக் கெட்ட எண்ணம் இல்லை. குடை தொலைந்தால் இன்னொரு குடை வாங்கிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஒரே ஒரு குடைக்காக ஒருவன் மழையில் ஓடி வருவான் என்று தோன்றவே வழியில்லை, அவ்வளவுதான். லியோனார்டாக நடித்த சாமுவேல் வெஸ்ட் அந்த இடத்தில் நிற்கும் விதத்தை இன்னொரு முறை கவனித்துப் பார்.

படத்துக்கு மூலமான நாவல் 1910-இல் வந்தது. அதை எழுதிய இ. எம். ஃபார்ஸ்டர் அதில் மூன்று குடும்பங்களை எதிரெதிரே நிறுத்துகிறார்: மேற்கு ஆப்பிரிக்க ரப்பரில் சம்பாதிக்கும் வில்காக்ஸ் குடும்பம், முன்னோர் வைத்துவிட்டுப் போன முதலின் வட்டியில் வாழும் ஷ்லெகல் குடும்பம், மாதச் சம்பளம் ஒரு தடவை தவறினால் கீழே விழுந்துவிடக்கூடிய லியோனார்டும் அவன் மனைவி ஜாக்கியும். மிக ஏழைகளைப் பற்றித் தாம் எழுதப்போவதில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்; அவருடைய அக்கறையெல்லாம் பள்ளத்தில் விழாமல், ஆனால் அதன் விளிம்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பற்றியது. மார்கரெட்டுக்கு ஆண்டுக்கு 600 பவுண்டு வருகிறது. அதற்காக அவள் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. தாங்கள் பணத்தின் மேல்தான் நிற்கிறோம் என்பதை அவள் உணர்ந்திருக்கிறாள், வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறாள். ஃபார்ஸ்டருக்கும் இது சொந்த அனுபவம். பாட்டியின் சகோதரி விட்டுச்சென்ற 8000 பவுண்டு இருந்ததால்தான் அவரால் கேம்பிரிட்ஜில் படிக்கவும் எழுத்தாளராக வாழவும் முடிந்தது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். லியோனார்ட் வேலை பார்க்கும் போர்ஃபிரியன் தீ காப்பீட்டு நிறுவனம் கிறிஸ்துமஸுக்குள் மூழ்கிவிடும் என்று வில்காக்ஸ் பேச்சுவாக்கில் சொல்கிறார். சகோதரிகள் அதைப் பெரிய உதவியாக எண்ணி அவனைத் தேநீருக்கு அழைத்துச் சொல்லிவிடுகிறார்கள். அவன் வேலையை விடுகிறான், குறைந்த சம்பளத்தில் ஒரு வங்கியில் சேர்கிறான், அந்த வேலையும் போகிறது. போர்ஃபிரியனோ மூழ்கவே இல்லை. வில்காக்ஸ் நாவலில் சொல்லும் விளக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன: முன்பு அந்த நிறுவனம் டாரிஃப் வளையத்துக்கு வெளியே இருந்ததாம், இப்போது உள்ளே வந்துவிட்டதாம். டாரிஃப் என்றால் பெரிய நிறுவனங்கள் கூடி, இன்ன கட்டடத்துக்கு, இன்ன சரக்குக்கு இவ்வளவுக்குக் குறைந்து பிரீமியம் வாங்கக் கூடாது என்று செய்துகொள்ளும் கட்டு. அதற்கு வெளியே நிற்கும் சின்ன நிறுவனம், மற்றவர்கள் தள்ளிவிடும் பழுதான பாலிசிகளையும் எடுத்துப் பிழைக்க வேண்டிவரலாம். உள்ளே வந்துவிட்டால் அதன் நிலைமை மாறிவிடும். நம் நாட்டிலும் 2006 முடியும் வரை தீ காப்பீட்டுக்கு டாரிஃப் கட்டணம்தான் இருந்தது. அதன் விகிதப் புத்தகம் எப்போதும் என் மேசையில் இருந்ததை நீ சிறுமியாக இருந்தபோது பார்த்திருப்பாய். ஆக, வில்காக்ஸ் பொய் சொல்லவில்லை. சொன்ன அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். நிலைமை மாறியபோது அதை லியோனார்டிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அந்த மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த நிறுவனம் வளையத்துக்குள் வந்தது என்ற செய்தி பெரிய மனிதர்களின் சாப்பாட்டு மேசையில் புழங்கும்; அங்கே கணக்கு எழுதுகிறவனை எட்டாது.

அந்தத் தேநீர் வேளையில் அவன் பேச வந்தது புத்தகங்களைப் பற்றியும், ஒரு இரவு முழுக்கக் காட்டில் தன்னந்தனியாக நடந்ததைப் பற்றியும். விடியல் அற்புதமாக இருந்ததா என்று அவர்கள் ஆவலோடு கேட்க, இல்லை என்கிறான். அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கிறது.

ஹெலனின் ஆவேசம் இன்னும் மோசமான விளைவைத் தருகிறது. பட்டினி கிடக்கும் லியோனார்டையும் ஜாக்கியையும் வில்காக்ஸ் வீட்டுக் கல்யாணத்துக்கே இழுத்துக்கொண்டு வந்து, நியாயம் கேட்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறாள். போதையில் இருக்கும் ஜாக்கி, வில்காக்ஸை அடையாளம் கண்டு பழைய உரிமையோடு கூப்பிட, சைப்ரஸில் அவர் அவளை வைத்திருந்த கதை வெளியே வருகிறது. வில்காக்ஸாக நடித்த ஆண்டனி ஹாப்கின்ஸ் அந்த நொடியில் வெட்கப்படவில்லை. தன்னை மாட்டிவிட யாரோ வலை விரித்ததாக எண்ணி, மார்கரெட்டை நிச்சயதார்த்தத்திலிருந்து விடுவிப்பதாக அலுவலகக் கடிதத்தின் தொனியில் சொல்கிறார். உன் கோபம் இங்கே சரியான இடத்தில்தான் விழுகிறது. பின்னால், உங்களை நான் மன்னித்தேன், மணமாகாமல் கர்ப்பமான என் தங்கையை உங்களால் மன்னிக்க முடியவில்லையா என்று மார்கரெட்டாக நடித்த எம்மா தாம்சன் கேட்கும் காட்சிக்கே அவருக்கு ஆஸ்கர் கொடுத்திருக்கலாம். ஹெலனோ பிறகு லியோனார்டுக்கு 5000 பவுண்டு கொடுக்க முன்வருகிறாள். அவன் மறுக்கவே, நாவலின்படி, அதைத் திரும்ப முதலீடு செய்து முன்னைவிடச் சற்று வசதியானவளாகிவிடுகிறாள். ஃபார்ஸ்டரின் குறும்பு எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புத்தக அலமாரி சரிந்து லியோனார்டின் மேல் விழும் முடிவு மட்டும், புத்தகத்தை நம்பினவன் புத்தகத்தால் சாகிறான் என்று கோடு போட்டுக் காட்டுவது போல இருக்கிறது. படத்தில் அதைச் சட்டென்று முடித்துவிட்டது நல்லது.

1992-இல் வெளியான, இவ்வளவு ஆங்கிலத்தனமான இந்தப் படத்தை எடுத்தவர்கள் யார் என்று பார். இயக்குநர் ஜேம்ஸ் ஐவரி அமெரிக்கர். தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர். திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கிய ரூத் பிரவர் ஜாப்வாலா, கொலோன் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1939-இல் பிரிட்டனுக்குத் தப்பி வந்து, மணமானபின் நீண்ட காலம் தில்லியில் வாழ்ந்தவர். நாவலில் கதைசொல்லி லியோனார்டைக் கொஞ்சம் மேலிருந்து பார்த்துப் பேசுவார். ஜாப்வாலா அந்தக் குரலையே எடுத்துவிட்டார். எந்த வீட்டிலும் விருந்தாளியாக இருந்து பழகியவர்களுக்கு, வாசலில் நனைந்து நிற்பவனின் முகத்தை முதலில் காட்டத் தோன்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கடைசியில் வில்காக்ஸ் குடும்பத்தின் ஹவர்ட்ஸ் எண்ட் வீடு மார்கரெட்டுக்கும், அவளுக்குப் பின் ஹெலனுக்கும் லியோனார்டுக்கும் பிறந்த குழந்தைக்கும் போகிறது என்பதை நீ நல்ல முடிவு என்று எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளைக்கு ஷ்லெகல் ரத்தமும் இருப்பதால்தான் வீடு கிடைக்கிறது. லியோனார்ட் இறந்தபின் ஜாக்கி எங்கே போனாள், வாடகையை யார் கட்டினார்கள், அவளுக்கு யாராவது ஒரு வரி எழுதினார்களா? நாவலும் சொல்லவில்லை, படமும் சொல்லவில்லை. எல்லோரையும் புரிந்துகொள்ளும் மார்கரெட்கூடக் கேட்கவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது ஜாக்கியை எந்தக் காட்சியோடு விட்டுவிடுகிறார்கள் என்று குறித்து எனக்கு எழுது. அம்மா ஹெலன் கட்சி. அவளுடைய பதில் தனியாக வரும்.

அன்புடன்,
அப்பா