தாய்மாமன் வராத சடங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் போனில் பேசும்போது, ஊரடங்கு சமயத்தில் நான் என்னம்மா பண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்றுமே ஞாபகம் வரமாட்டேன் என்கிறது என்றாய். ஹாஸ்டலில் எல்லோரும் அவரவர் கதையைச் சொல்கிறார்களாம், உனக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பன்னிரண்டு வயசில் நீ பட்டது கொஞ்சநஞ்சமில்லை, கூடவே இருந்து பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் அடங்கியது. ஏழாம் வகுப்பு, பரீட்சை இல்லாமலே பாஸ் என்று டிவியில் சொன்னதும் குதித்தாய். அந்தச் சந்தோஷம் சித்திரை பிறக்கும் வரைகூடத் தாங்கவில்லை. எட்டாம் வகுப்பு முழுக்க நீ பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை, கல்வித் தொலைக்காட்சியும் அப்பாவுடைய ஒரே போனும்தான், அந்தப் போனுக்கும் வீட்டுக்குள் டவர் கிடைக்காமல் திண்ணைக் கோடியில் தூணோடு ஒட்டி உட்கார்ந்து டீச்சர் அனுப்பியதை நோட்டில் எழுதுவாய். திரும்பப் பள்ளிக்கூடம் போனது 2021 செப்டம்பர் 1-ம் தேதி, ஒன்பதாம் வகுப்புக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மே மாசத்தை. அக்கினி நட்சத்திர வெயிலில்தான் நீ பெரிய மனுஷி ஆனாய். வேறு சமயமாக இருந்தால் திருமயத்திலிருந்து மாமா ஓலையோடு வந்து குச்சு கட்டி, அம்மாச்சி உளுந்தங்களி கிண்டி, தெரு முழுக்கச் சொந்தம் நிறைந்திருக்கும். பைக்கில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் திருமயம் புதுக்கோட்டை மாவட்டம், நாம் சிவகங்கை மாவட்டம், எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, வைத்தியம் என்றால் பாஸ் கிடைக்கும், சடங்குக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அப்பத்தா முறைப்படி உன்னைப் பின்கட்டுத் தாழ்வாரத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். அதற்கு முந்தின வாரம்தான் நம் தெருவில் சென்னையிலிருந்து வந்தவர்கள் வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, வாசலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். நான் சோறு கொண்டு வந்து தட்டை எட்ட வைத்தபோது நீ மெதுவாகக் கேட்டாய்: "அம்மா, எனக்கும் கொரோனாவா?"

என்ன நடக்கிறது என்று நான் காலையிலேயே சொல்லித்தான் இருந்தேன். இருந்தாலும் உனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. தொடாதே, தள்ளி உட்கார், யாரும் வரமாட்டார்கள். சிரித்துப் பேசிப் பயத்தைப் போக்க ஒரு சிநேகிதிகூடக் கிடையாது. அன்று ராத்திரியே உன் பாயை உள்ளே எடுத்துப் போட்டு நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அப்பத்தா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, சரி, அது போகட்டும். தண்ணீர் ஊற்றிய அன்று மாமா வீடியோ காலில் வந்தார். டவர் போய்ப் போய் வந்தது. கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணியபடியே அப்படியே நின்றுவிட்டார் திரையில்.

அதற்கப்புறம் நீ ரொம்ப நாள் அதிகம் பேசவில்லை. கொஞ்சம் தளர்வு வந்ததும் அப்பாதான் உன்னைத் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைக்குக் கூட்டிப் போனார். ஆத்தங்குடியில் அந்த நேரம் எந்தப் பட்டறையிலும் பெரிதாக வேலை இல்லை, வெளியூர் ஆர்டரெல்லாம் நின்றுபோய்விட்டது, மிச்சம் கிடந்த சிமெண்டும் கலரும்தான். கண்ணாடியைத் துடைத்து, சட்டம் வைத்து, அச்சை இறக்கி, குழிக்குழியாகக் கலர் ஊற்றுவாய். அச்சை ஆடாமல் தூக்குவதில்தான் வித்தை. முதலில் சிவப்பும் மஞ்சளும் கலங்கி ஓடும், அப்பா ஒன்றும் சொல்லாமல் வழித்துப் போட்டுவிட்டு மறுபடி கண்ணாடியை உன் முன்னால் வைப்பார். பிறகு மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு, காயவைத்து, தொட்டியில் ஊறப்போட்டு, கடைசியாகக் கண்ணாடியைப் பிரித்தால்தான் பூ எப்படி விழுந்திருக்கிறது என்று தெரியும். இத்தனை நாள் காத்திருக்க உனக்குப் பிடித்திருந்தது. ஓரத்துப் பச்சை கொஞ்சம் மங்கலாக விழுந்த ஒரு பூக்கல்லை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து அப்பத்தா மடியிலேயே வைத்தாய், அன்றைக்குத்தான் பழையபடி வாயாடினாய்.

படிப்பில் அந்த வருஷம் விட்டதைப் பிறகு பிடித்துவிட்டாய், அதைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை பெரியவளாகிற நேரத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது சின்ன விஷயம் இல்லை, அதை ஒன்றுமில்லை என்று நீயே சொல்லக் கூடாது. ஹாஸ்டலில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்று. தண்ணீர் ஊற்றிய அன்று காலையில் மாமா பாஸ் இல்லாமலே பைக்கில் கிளம்பி, மாவட்ட எல்லைச் சாவடி வரை வந்து திரும்பியிருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்று என்னிடம் இன்று வரை வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு போன் போடு. நீ கேட்டால் சொல்வார்.

அன்புடன்,
அம்மா