ஜமைக்காவில் துப்பாக்கி வந்த வழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கரீபியன் தீவுகளில் நடக்கும் கொலைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜமைக்கா மக்களுக்கு வன்முறை பிறவிக் குணம் என்பதுபோல எழுதியிருந்ததைப் பார்த்துக் கோபம்தான் வந்தது.

எண்ணிக்கை பயங்கரமானதுதான். சுமார் 28 லட்சம் பேர் வாழும் நாட்டில், 2009-ல் மட்டும் ஏறக்குறைய 1,680 பேர் கொல்லப்பட்டார்கள். அதாவது லட்சம் பேருக்கு 60 கொலை. இந்தியாவில் இது மூன்றைத் தாண்டுவதில்லை. ஆனால் அந்த நாடு இந்த நிலைக்கு எப்படி வந்தது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

1960களில் தலைநகர் கிங்ஸ்டனின் மேற்குப் பகுதியில் பேக்-ஓ-வால் என்ற குடிசைப் பகுதியை இடித்துவிட்டு, டிவோலி கார்டன்ஸ் குடியிருப்பைக் கட்டினார்கள். வீடுகள் ஆளுங்கட்சியான தொழிலாளர் கட்சியின் ஆதரவாளர்களுக்குப் போயின. பிறகு ஆட்சிக்கு வந்த மக்கள் தேசியக் கட்சியும் அதையேதான் செய்தது. வீடு வேண்டுமா, வேலை வேண்டுமா, கட்சிக்காரனாக இரு. தெருவைத் தாண்டினால் எதிர்க்கட்சியின் பேட்டை. அந்த எல்லையைக் காக்கத்தான் இளைஞர்கள் கைக்குத் துப்பாக்கி வந்தது. 1980 தேர்தல் ஆண்டில் மட்டும் 800க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர்களும் சுட்டவர்களும் பெரும்பாலும் ஏழைகள்.

அப்புறம் பேட்டைத் தலைவர்களிடம் போதைப்பொருள் பணம் புழங்கத் தொடங்கியது. அரசியல்வாதியின் தயவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 2010 மே மாதம் கிறிஸ்டோபர் கோக் என்ற பேட்டைத் தலைவரைப் பிடிக்க ராணுவமும் போலீஸும் டிவோலி கார்டன்ஸுக்குள் நுழைந்தபோது, சுமார் 70 பேர் உயிரிழந்தார்கள். கோக் அப்போது சிக்கவில்லை, அடுத்த மாதம்தான் பிடிபட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜமைக்காவில் துப்பாக்கித் தொழிற்சாலை கிடையாது. அங்கே பிடிபடுபவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவில் வாங்கப்பட்டவை, அதிலும் ஃபுளோரிடாவிலிருந்து வருபவை அதிகம். உறவினர்கள் அரிசியும் துணிமணியும் போட்டு அனுப்பும் பீப்பாய்களோடு பீப்பாயாக, அவற்றையும் ஒளித்து அனுப்புகிறார்கள். இதற்கு ஜமைக்கா மக்களின் ரத்தத்தைக் குறை சொல்வது எந்த நியாயம்?

கட்டுரை விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு: கொலைகள் குறைந்துவருகின்றன. 2023-ல் 1,390 அளவில் இருந்தது, 2024-ல் 1,200க்குக் கீழே வந்து, 2025-ல் 700க்கும் கீழே இறங்கிவிட்டது. பிறவிக் குணமாக இருந்தால் இரண்டே ஆண்டில் பாதியாகுமா? சந்தோஷமான விஷயம்தான், ஆனால் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. அதே காலத்தில் போலீஸ் சுட்டுச் செத்தவர்கள் கூடியிருக்கிறார்கள். 2024-ல் 189 பேர், 2025-ல் 300க்கும் மேல். இந்தச் சாவுகளை விசாரிக்க இன்டிகாம் என்ற சுதந்திர ஆணையம் அங்கே இருக்கிறது. சுட்ட போலீஸ்காரர்களின் சட்டையில் கேமரா இல்லை என்பதை அது திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது.

அடுத்த முறை ஜமைக்காவின் கொலைக் கணக்கைப் போடும்போது, இந்தக் கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்